அடுக்கம் சாலைக்கு வந்த பனிநாட்டுப் பை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன ஆண்டு தீபாவளிக்கு மதுரை வந்திருந்தான். நான்கு குளிர்காலங்கள் தன் பனிவண்டியில் கட்டிக்கொண்டு திரிந்த அவசரகாலப் பை ஒன்றை அப்போது என்னிடம் கொடுத்துவிட்டு, "வாராவாரம் மலைக்குப் போறது நீங்கதான் மாமா, உங்களுக்குத்தான் இது ஆகும்" என்றான். ஆரஞ்சு நிறம், பள்ளிக்கூடப் பையின் அளவு, மூன்றரை கிலோ எடை. பழங்காநத்தத்திலிருந்து கொடைக்கானலுக்கும் மேகமலைக்கும் சிறுமலைக்கும் இருபது ஆண்டுகளாக இருசக்கர வண்டியில் போய்வருகிற நான், அந்தப் பையை ஓராண்டு வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பவற்றில் பாதி அவன் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தவை என்பதால், இதை ஒரு கம்பெனியின் பொருளைப் பற்றிய மதிப்புரையாக அல்லாமல், ஒரு நாட்டின் தேவைக்காகச் சேர்த்த பொருட்கள் இன்னொரு நாட்டில் எந்த அளவுக்கு உதவுகின்றன என்ற கணக்காகவே படிக்க வேண்டும்.

பனிவண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்னால் டாங்கிக்கு இருப்பது போன்ற ரப்பர் பட்டையும் இருக்கும். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் சிறிய வண்டியை விற்கத் தொடங்கிய பிறகுதான் அது சாதாரண மக்களின் கைக்கு வந்தது. சாலையே இல்லாத மலையில் ஒரு மணி நேரத்தில் அது கடந்துவிடும் தொலைவை, இடுப்பளவுப் பனியில் நடந்து திரும்புவதற்கு ஒரு நாள் முழுக்கப் போதாது. ஆகவே வண்டி நின்றுவிட்டால் இரவை அங்கேயே கழிக்க நேரலாம் என்று எண்ணித்தான் அங்குள்ளவர்கள் பையை நிரப்புகிறார்கள். நம் வண்டியின் சீட்டுக்கு அடியில் பஞ்சர் கிட்டும் பிளக் ஸ்பேனரும் ஒரு பழைய துணியும் கிடக்கும். வண்டியை மறுபடி ஓட வைப்பதுதான் நம் கவலை. அவர்களுடைய பை, வண்டி ஓடாவிட்டாலும் ஆள் விடியும்வரை தாங்க வேண்டும் என்று நினைக்கிறது. இந்த வேறுபாட்டின் பொருள் எனக்கு அடுக்கம் சாலையில்தான் புரிந்தது.

பையில் இல்லாத இரண்டு பொருட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும், 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவி. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்பதால், தேடும் பொறுப்பு கூடவே வந்த நண்பர்களுடையதாகிவிடுகிறது. அதனால் அங்கே ஒவ்வொருவரும் அதை உடம்பிலேயே கட்டியிருப்பார்கள். நமக்கு அதனால் பயனில்லை. மற்றொன்று, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி. கைபேசிக்கு டவர் சரியாகக் கிடைக்காத மேகமலையில் அதைப்போல உதவக்கூடியது வேறில்லை என்றாலும், தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருக்கக் கூடாது. விவரம் தெரியாமல் எடுத்துவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டதும் உண்டு. அக்கா மகன் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாயிற்று. வெளிநாட்டு உறவினரிடம் வாங்கிவரச் சொல்ல நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் ஒரு நண்பரும் கொடைக்கானலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பெரியகுளத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்ததால், வத்தலக்குண்டு சாலையை விட்டுவிட்டுப் பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் குறுகலான சாலையைப் பிடித்தோம். மழைக்காலத்தில் அடிக்கடி மண் சரியும் சாலை அது. மாலை ஆறு மணி இருக்கும், சாரலும் மேகமூட்டமும் சேர்ந்திருந்த நேரத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் பின் சக்கரம் சேற்றில் புதைந்த ஸ்கூட்டர் ஒன்றும் அதன் அருகே இரண்டு கல்லூரிப் பையன்களும் நின்றிருந்தார்கள். "பெல்ட் அறுந்துருச்சுண்ணே, ரெண்டு மணி நேரமா ஒரு வண்டி கூட வரல" என்றான் ஒருவன். மற்றவன் எதுவும் பேசவில்லை. முழுக்க நனைந்த டி-சர்ட்டின்மேல் ஒரு சட்டையை மாட்டியிருந்தான். அதைக் கழற்றச் சொன்னபோது, பொத்தானைப் பிடிக்க முயன்ற அவன் விரல்கள் இரண்டு முறை வழுக்கின. மூன்றாவது முறை அவன் முயலவே இல்லை.

அது பயப்பட வேண்டிய அறிகுறி. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைநிலைக் குளிர் இல்லாமலே உயிருக்கு ஆபத்து வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பதால், மதுரையில் மின்விசிறி போட்டு உட்கார்ந்திருக்கும் மாலையிலும் பெருமாள்மலைப் பக்கம் 16, 17 டிகிரிதான் இருக்கும். அதோடு ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்பு வெகு விரைவாகச் சூட்டை இழந்துவிடும். நடுங்கிக்கொண்டிருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று பொருள். பேச்சுக் குழறுவதும் கை தடுமாறுவதும் நிலைமை மோசமாவதைக் காட்டுகின்றன. சூடு ஏறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து.

பையை முதன்முறையாகப் பிரித்து, அதிலிருந்த அலுமினியப் பூச்சுப் போர்வையை அவன் ஈரச்சட்டையின் மேலேயே சுற்றினேன். அது நான் செய்த தவறு. 1960-களில் நாசாவின் விண்வெளித் திட்டத்துக்காக உருவான இந்த மெல்லிய படலம், உடம்பிலிருந்து கதிர்வீசும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்; தானாகச் சூடு தராது, ஈரத்தை வெளியேவும் விடாது. ஐந்து நிமிடத்தில் உட்புறம் முழுக்க வியர்த்து நீர் கோத்துக்கொண்டது. அதோடு, ஓரத்தில் ஒரு செடியின் முள் பட்டதும் காகிதம் கிழிவதுபோல நீளமாகக் கிழிந்தும் போனது. நண்பர் தன் உலர்ந்த ஸ்வெட்டரைக் கொடுத்தார். ஈரத்துணி அனைத்தையும் கழற்றி, துண்டால் ஒற்றியெடுத்து, ஸ்வெட்டரையும் குல்லாவையும் மாட்டிய பிறகு, அதே படலத்தில் தைத்த பை வடிவிலான உறைக்குள் அவனைக் கழுத்துவரை நுழைத்தோம். ஈரத்தரையில் நேரடியாக உட்காராமல் காலிப் பையை மடித்து அவனுக்கு அடியில் போட்டோம். கால் மணி நேரத்தில் நடுக்கம் குறைந்து, "பசிக்குதுண்ணே" என்று அவனாகப் பேசினான்.

ஆகவே என் முதல் பரிந்துரை போர்வை அல்ல, உறை. போர்வை நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது. உறை அதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகும். இருந்தாலும் காற்றில் பறக்காமல், கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல், சற்றுத் தடிமனாகவும் இருப்பதால் அந்த விலைக்கு அது தகும். உலர்ந்த துணி ஒரு செட் கூடவே இல்லையென்றால் இரண்டுமே பாதிப் பயன்தான்.

கைகளைச் சூடாக்கும் சிறு பொட்டலங்கள் இரண்டாவதாக உதவியவை. உள்ளே இரும்புத் தூளும் உப்பும் கரித்தூளும் இருக்கின்றன. பொட்டலத்தின் மேலுறையைக் கிழித்ததும் காற்றுப்பட்டு இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துருப்பிடித்தலில் வெளிவரும் வெப்பம்தான் பல மணி நேரம் நீடிக்கிறது. தோலில் நேராக வைத்தால் புண்ணாகிவிடும் என்பதால் கைக்குட்டையில் சுற்றி அக்குளில் வைத்தோம். கையையும் காலையும் பரபரவென்று தேய்த்துவிடுவது நம் ஊர் வழக்கம். இந்த நிலையில் அதைச் செய்யக் கூடாது. பிராந்தி ஊற்றிக் கொடுக்கலாம் என்று சொல்கிறவர்களை அருகிலேயே விடக் கூடாது.

விசிலைப் பற்றி ஒரு வேடிக்கை. உள்ளே உருளும் பட்டாணி இல்லாத வகை அது. நனைந்தாலும் உறைந்தாலும் ஊதலாம். வட அமெரிக்காவில் மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் ஆபத்து என்று பொருள். அதன்படியே நானும் ஊதினேன். எதிர்ப்பக்கச் சரிவில் நின்ற ஒருவர் அதைக் கேட்டும் வரவில்லை. பிறகு அவரிடம் கேட்டபோது, காட்டுமாட்டை விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். நமக்கு வேலை செய்தது தலையில் மாட்டும் விளக்குதான். அதைச் சிவப்பில் விட்டுவிட்டு எரியவைத்துச் சாலை ஓரத்தில் கட்டிவிட்டோம். நண்பர் டவர் கிடைக்கும் இடம்வரை இறங்கிப்போய்த் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பும் முன்பே, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன பிக்கப் வண்டி ஒன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றது. நம் கைபேசிக்குரிய நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும், வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டும் இடமாக இருந்தால் 112-க்கு அழைப்பு போகக்கூடும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். திரையில் கோடு இல்லை என்று முயலாமலே விட்டுவிடக் கூடாது.

மடக்கு மண்வாரியை நான் சுமை என்றே நினைத்திருந்தேன். இறுகிய பனியில் பிளாஸ்டிக் உடைந்துவிடும் என்பதால் அலுமினியத்தில் செய்தது. ஸ்கூட்டரின் சக்கரத்தைச் சேற்றிலிருந்து எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. இழுவைப் பட்டையால் வண்டியை இழுக்கவில்லை. மழையில், இருட்டில், வளைவுகளில் அப்படி முயல்வது மடத்தனம். பிக்கப்பின் பின்புறத்தில் ஸ்கூட்டரை ஏற்றிக் கட்டுவதற்கு அது உதவியது.

பையில் ஒரு மாற்று பெல்ட்டும் இருந்தது. பனிவண்டியும் நம் ஸ்கூட்டரும் கியர் இல்லாமல் பெல்ட்டால் ஓடுகிறவை என்பதால், பையன்களின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஆனால் அளவு வேறு. அளவு சரியாக இருந்திருந்தாலும், பனிவண்டியில் பக்க மூடியைத் திறந்து கையாலேயே மாற்றிவிடுவது போல ஸ்கூட்டரில் மாற்ற முடியாது. பெல்ட்டை மூடியிருக்கும் உறையின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும், உள்ளிருக்கும் நட்டுக்கு அதற்கென்று கருவி வேண்டும். இருவர் ஏறி உட்கார்ந்து மலை ஏறப்போகும் ஸ்கூட்டருக்குக் கிளம்பும் முன்பே மெக்கானிக்கிடம் பெல்ட்டைக் காட்டிவிடுவதுதான் வழி.

தீமூட்டும் உலோகக் குச்சியும் வாசலின் தடவிய பஞ்சும் அருமையான பொருட்கள்தான். கொட்டும் மழையிலும் பற்றும். ஆனால் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ என்ன செய்தது என்பதைத் தேனி, மதுரைப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அவற்றைப் பையிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது.

இந்தப் பையின் பெரிய குறையை மலையில் நான் பார்க்கவில்லை, மதுரையில்தான் பார்த்தேன். உறைகுளிரை நினைத்துச் சேர்த்த பொருட்கள், சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் வெந்தன. மே மாதத்தில் ஒருநாள் திறந்தபோது, அவசர மெழுகுவர்த்தி உருகிக் கட்டுத்துணிச் சுருளோடு ஒன்றாகிப் போயிருந்தது. பிளாஸ்திரிகளின் பசை காகிதத்துக்கு வெளியே வழிந்து, அவை கற்றையாக ஒட்டிக்கொண்டிருந்தன. சாதாரண பேட்டரி ஒன்று கசிந்திருந்தது. தலைவிளக்கில் இருந்த லித்தியம் பேட்டரிகள் மட்டும் அப்படியே இருந்தன. அவன் அவற்றைப் போட்டது குளிருக்காக, எனக்கு உதவியது வெயிலுக்கு. இப்போது முதலுதவிப் பொருட்களைத் தனிப் பையில் வீட்டில் வைத்து, கிளம்பும் காலையில் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

உறை, இரண்டு கைச்சூட்டுப் பொட்டலங்கள், தலைவிளக்கு, மடக்கு மண்வாரி, இழுவைப் பட்டை, ஒரு செட் உலர்ந்த துணி, குல்லா, கருப்பட்டித் துண்டுகள் என்று இப்போது பையின் எடை இரண்டு கிலோவுக்குள் வந்துவிட்டது. முழுப் பைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன், இந்தச் சுருங்கிய பைக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், அந்த உறையை ஒருமுறை பிரித்தால் மறுபடி அதன் சிறு பொட்டலத்துக்குள் எந்த மனிதனாலும் மடித்துவைக்க முடியாது என்பதுதான். அன்றிலிருந்து அது ஒரு தலையணை உறைக்குள் இருக்கிறது.