டெய்லர்: குடும்பப் பெயரா, முதல் பெயரா?

நம்ம ஊரில் துணி தைப்பவரை டெய்லர் என்கிறோமே, அதே சொல்தான் இங்கிலாந்தில் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'வெட்டுபவர்' என்று பொருள். 1066-இல் பிரான்ஸிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு இங்கிலாந்தில் வேரூன்றி, முதலில் தொழிலைக் குறித்து, அப்புறம் ஊசியையே தொடாத பேரப்பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆங்கில எழுத்தில் மட்டும் ஐ (i) போய் ஒய் (y) வந்துவிட்டது: தொழில் tailor, பெயர் Taylor.

குடும்பப் பெயர் என்றால் மரியாதைக்கு முன்னால் மிஸ்டர், மிஸ் என்று ஏதாவது சேர்க்க வேண்டும். முதல் பெயர் என்றால் நேராக டெய்லர் என்றே கூப்பிடலாம், ஆனால் ஆணா பெண்ணா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது: நடிகர் டெய்லர் லாட்னர் ஆண், பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் பெண்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஸ்விஃப்டுக்கு அந்தப் பெயரை வைத்ததே பாடகர் ஜேம்ஸ் டெய்லரை நினைத்துத்தான். அவருடைய குடும்பப் பெயர், 1989-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு முதல் பெயராகிவிட்டது!

என்னைக் கேட்டால் முதல் பெயராகத்தான் இது அழகு. ஸ்மித்தும் தொழில் பெயர்தான், கொல்லர் என்று அர்த்தம், ஆனால் குழந்தைக்கு அதை வைப்பவர்கள் அபூர்வம்.