டேட்டா லிங்க் அனுமதிக்கு ஒரு ஆலோசனைச் சேவையை நாடியபோது

அமெரிக்கப் பதிவுள்ள ஒரு தனியார் ஜெட்டுக்கு ஆபரேஷன்ஸ் வேலை முழுவதையும் நான்தான் பார்க்கிறேன். வட அட்லாண்டிக்கில் 290 முதல் 410 வரையுள்ள ஃப்ளைட் லெவல்களில் (சுமார் 29,000 முதல் 41,000 அடி உயரம்) பறக்க சி.பி.டி.எல்.சி. வேண்டும், அதாவது விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டு மையமும் குரலுக்குப் பதில் எழுத்துச் செய்திகளால் பேசிக்கொள்ளும் டேட்டா லிங்க், அதுவும் ஃபான்ஸ் 1/ஏ என்ற தரத்தில். 410-க்கு மேல் போனால் தேவையில்லையே என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டாங்க் நிறைய எரிபொருளோடு கிளம்பும் எங்கள் விமானம் எடுத்த எடுப்பில் அந்த உயரத்துக்கு ஏறாது. ஆகவே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.-யிடம் ஏ056 என்ற டேட்டா லிங்க் அனுமதிக் கடிதம் வாங்கியே ஆகவேண்டும். அதற்கான ஆவணங்களைத் தயார்செய்ய ஒரு ஆலோசனைச் சேவையை அமர்த்தினோம்.

காக்பிட் திரையில் ஏ.டி.சி. லாகான் பக்கம் (கட்டுப்பாட்டு மையத்தோடு டேட்டா லிங்க்கில் இணையும் பக்கம்) வருகிறது, அப்புறம் என்ன என்றுதான் நானும் இருந்தேன். அவர்கள் எந்தப் படிவத்தையும் தொடவில்லை. முதலில் கேட்டது ஒரு புகைப்படம்: தகவல்தொடர்புக் கருவியின் மென்பொருள் பார்ட் நம்பர் காட்டும் பக்கம். தயாரிப்பாளர் தந்த இணக்கச் சான்றோடு ஒப்பிட்டார்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் வேறு. எப்போதோ ஒரு பராமரிப்பில் கருவியை மாற்றியவர்கள் பழைய மென்பொருளோடு விட்டிருக்கிறார்கள். எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் அந்தச் சான்று எங்கள் விமானத்துக்குப் பொருந்தாது. அப்படியே விண்ணப்பித்திருந்தால் வாரக்கணக்கில் கடிதப் போக்குவரத்துதான் நடந்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்குக் கொடுத்த பணம் தகும்.

இன்னொன்றும் பிடித்தார்கள். விமானம் கை மாறியபோது வால் எண்ணையும், அதாவது பதிவு எண்ணையும், மாற்றியிருந்தோம். கருவிக்குள் பழைய எண்ணே இருந்தது. லாகான் செய்தியில் போகும் பதிவு எண்ணும் விமானத்தின் 24 பிட் அடையாள முகவரியும் ஃப்ளைட் பிளானில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் லாகான் நிராகரிக்கப்படும். நடுக்கடலில் தெரியவேண்டிய சங்கதி, ஹேங்கரிலேயே தெரிந்துபோனது.

விமானிகளுக்கான பயிற்சியும் நன்றாக இருந்தது. ‘அட் 1430’ (14:30 மணிக்கு) என்று தொடங்கும், உயரம் ஏறுவதற்கான அனுமதியைத் திரையில் காட்டி, இரண்டு விமானிகளும் தனித்தனியே வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். அந்த ‘அட்’டைக் கண் தாண்டிவிட்டால் நேரத்துக்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுவோம், டேட்டா லிங்க்கில் பலமுறை நடந்த பிழை அது. இருபது வருடம் குரலிலேயே பேசிப் பழகிய எங்கள் கேப்டன் அன்று நிறையக் கேள்வி கேட்டார்.

குறைக்கு வருகிறேன். விமானத்தில் என்ன கருவி இருக்கிறது என்று சொல்லும் ஃப்ளைட் பிளான் குறியீடுகளுக்கு அவர்கள் தந்தது எல்லாருக்கும் தரும் பொது மாதிரி. எங்களிடம் இருப்பது இரிடியம் செயற்கைக்கோள் இணைப்பு, அதற்கு ஜே7. மாதிரியில் இன்மார்சாட்டுக்கான ஜே5 இருந்தது. கருவியை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள் இதில் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். சொன்னதும் அன்றே திருத்தி, பத்தாம் கட்டத்தில் தகவல்தொடர்புத் திறனுக்கான பி2, பதினெட்டாம் கட்டத்தில் கண்காணிப்புத் திறனுக்கான ஆர்.எஸ்.பி.180 இரண்டையும் சரிபார்த்து அனுப்பினார்கள். எம்.இ.எல். (எந்தெந்தக் கருவி பழுதானாலும் பறக்கலாம் என்ற பட்டியல்) பகுதியும் அதே பொது மாதிரிதான். அதை நானே உட்கார்ந்து எழுதினேன்.

ஐரோப்பாவில் ஃப்ளைட் லெவல் 285-க்கு மேல் கேட்கும் ஏ.டி.என். என்ற டேட்டா லிங்க் இவர்கள் சேவையில் சேராது. அது வேறு தொழில்நுட்பம், ஃபான்ஸ் இருப்பதால் அதுவும் இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

கடிதம் வந்துவிட்டது, இரண்டு முறை கடல் தாண்டியாயிற்று, இரண்டு முறையும் முதல் முயற்சியிலேயே லாகான் ஆனது. அடுத்த விமானத்துக்கும் இவர்களையே கூப்பிடுவேன். ஆனால் குறியீட்டுத் தாளை மட்டும் கையெழுத்திடும் முன் நானே வரிக்கு வரி பார்ப்பேன்.