டயாலிசிஸ் மையத்தின் சமூகப் பணியாளர் சேவை: 14 மாத அனுபவம்

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று 14 மாதங்களாக ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வருகிறேன். இயந்திரங்களிலும் செவிலியர்களிடமும் எனக்குக் குறை இல்லை. நான் எழுத வந்தது, அங்கே ஒரு சின்ன அறையில் உட்காரும் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பற்றி. எனக்கு இயலாமை உதவித்தொகை கிடைத்ததற்கு அந்த அம்மையார்தான் காரணம்.

நான் 19 ஆண்டுகள் லேத் ஓட்டியவன். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைப்பது) வைத்தபின் அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. விரல் வைத்துப் பார்த்தால் தோலுக்கடியில் ரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் ஊசி குத்த வழியில்லை. முழுக்கைச் சட்டையோடு உதவித்தொகை அலுவலகத்தில் போய் நிற்பவனைப் பார்த்தால் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது.

அம்மையார் தள்ளுபடிக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, நான் இணைத்திருந்த மருத்துவர் கடிதத்தை எடுத்தார். ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார்: "டயாலிசிஸில் நிலைமை சீராக உள்ளது." மருத்துவர் பொய் எழுதவில்லை. பொட்டாசியம் கட்டுக்குள் இருக்கிறது, நுரையீரலில் நீர் கோக்கவில்லை என்பது அவர் சொல்லவந்தது. அலுவலகத்தில் வாசித்தவருக்கு அது "வேலைக்குப் போகலாம்" என்று பட்டிருக்கிறது.

அடுத்து என் விண்ணப்பம். எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற கேள்விக்கு ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன். மானம் பார்த்து எழுதிய பதில் அது. "டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். படுத்துவிடுவேன் என்றேன். "எத்தனை மணி வரை?" இரவு வரை. "அதை எழுதுங்கள் ஐயா. டயாலிசிஸ் நாளுக்கு ஒரு பதில், மறுநாளுக்கு ஒரு பதில்." இரண்டு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். மாடிப்படி பாதியில் உட்கார்ந்தது, மனைவி சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறித்துவைக்கும் எடை, ரத்த அழுத்தத் தாள்களையும் அவரே எடுத்துச் சேர்த்தார். ஒரு நாள் மூன்று கிலோ நீர் எடுத்தபின் அழுத்தம் 90/50 வரை இறங்கியிருந்தது. மருத்துவரிடம் பேசிப் புதுக் கடிதமும் வாங்கினார்: இறுதிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்பு, தானாகத் தேறாது, வாரம் மூன்று நாள் வேலைக்கு வர இயலாது. மறுபரிசீலனையில் தொகை கிடைத்தது.

இடையில் ஒரு நாள், இப்படிக் கேட்டு வாங்குவது கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில், இருந்த சில இயந்திரங்களை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு குழு கூடி முடிவு செய்ததாம். 1972இல் சட்டம் வந்தபின்தான் அங்கே சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலோருக்கு வயது பார்க்காமல் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிடைத்தது. "கேட்டதால் வந்த உரிமை" என்றார். அதற்குப்பின் நான் கூச்சப்படவில்லை.

காப்பீட்டிலும் அவர் கவனம் அப்படித்தான். டயாலிசிஸ் கட்டணம் அடங்கும் என்றதோடு நான் நிம்மதியாகியிருப்பேன். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி, மாதாந்தரப் பரிசோதனை, ஃபிஸ்டுலா அடைத்தால் செய்யும் சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கவைத்தார். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்குப்பின் புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்தச் செலவு யாருடையது, உதவித்தொகை தொடருமா என்பதை இப்போதே கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

குறையும் இருக்கிறது, சிறியதல்ல. அவர் வருவது வாரத்தில் இரண்டு காலை மட்டும். மாலை முறைக்கு வருபவர்கள் அவரைப் பார்ப்பதே இல்லை. இப்படி ஒருவர் இருப்பது எனக்கே மூன்றாம் மாதம்தான் தெரியும். தனியாகப் போய்த் தள்ளுபடி வாங்கியது அந்த மூன்று மாதத்தில்தான். அவருடைய நேரத்தை எழுதிய பலகை எடை பார்க்கும் மேடைக்குப் பின்னால் தொங்குகிறது. மேடையில் ஏறுபவர் கண் எண்ணில்தான் இருக்கும். நாற்காலிகளுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் நான்கு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு முறை சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை எழுதியே கொடுக்கப்போகிறேன்.