வத்தல் மண்டிக்கு அஃப்ளாடாக்சின் ஸ்ட்ரிப் ரீடர்: வாங்கலாமா?

மிளகாய் வத்தல், நிலக்கடலை இரண்டையும் மூட்டைக் கணக்கில் கொள்முதல் செய்யும் மதுரை, விருதுநகர் வட்டார வியாபாரிகள் இப்போது அதிகம் விசாரிப்பது, பூசணத்தால் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை அளக்கும் இந்தச் சாதனத்தைத்தான். யூரோப்பியம் என்ற தனிமம் கலந்த ஒளிரும் துகள் ஏற்றிய ஸ்ட்ரிப், அதைப் படிக்க ஒரு கையடக்க ஃப்ளோரசன்ஸ் (ஒளிர்வை அளக்கும்) ரீடர். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான். கொள்முதல் வாசலில் நல்ல மூட்டையையும் கெட்ட மூட்டையையும் பிரிக்க இது போதும். சான்றிதழுக்குப் போதாது.

வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் கோளாறும் புரியும். யூரோப்பியம் துகள்மேல் அஃப்ளாடாக்சினைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். ஸ்ட்ரிப்பின் டி கோட்டில் (டெஸ்ட் கோடு) முன்கூட்டியே நச்சு பதித்திருப்பார்கள். சாம்பிளில் நச்சு இல்லையென்றால் ஆன்டிபாடி எல்லாம் டி கோட்டில் போய் உட்காரும். கோடு பளிச்சென்று ஒளிரும். நச்சு இருந்தால் வழியிலேயே ஆன்டிபாடியை அது பிடித்துக்கொள்ளும், கோடு மங்கும். மங்கல்தான் கெட்ட செய்தி. அதனால் வேறு எந்தக் காரணத்தால் கோடு மங்கினாலும் ரீடர் அதை நச்சுக் கணக்கில்தான் எழுதும்.

செய்முறை: நைசாக அரைத்த தூள் 5 கிராம், 70 சத மெத்தனால் 25 மில்லி. மூடி போட்டு 5 நிமிடம் விடாமல் குலுக்கி, வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் கிட்டில் வரும் பஃபர் கரைசலில் நீர்க்கச் செய்ய வேண்டும். அதில் 100 மைக்ரோலிட்டர் ஸ்ட்ரிப்பில் விட்டு, சொன்ன நிமிடம் கழித்து ரீடரில் செருக வேண்டும். அளவு கிட்டுக்குக் கிட்டு மாறும். கிட்டில் உள்ள தாள்தான் சட்டம். பஃபரை 'கொஞ்சம் கம்மியா' ஊற்றினால் மிஞ்சும் மெத்தனால் ஆன்டிபாடியைக் கெடுத்துவிடும்.

வத்தலில் வரும் பெரிய தலைவலி அதன் சிவப்பு. அந்த நிறமி புற ஊதா ஒளியையும் கொஞ்சம் விழுங்கும், தானும் கொஞ்சம் ஒளிரும். யூரோப்பியத்தைத் தேர்ந்தெடுத்ததே இதைச் சமாளிக்கத்தான்: 365 நானோமீட்டர் பக்கம் ஒளி வாங்கி 615 பக்கம் சிவப்பாக உமிழும், விளக்கு அணைந்த பிறகும் நூற்றுக்கணக்கான மைக்ரோ வினாடி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். நிறமியின் ஒளிர்வு அதற்குள் செத்துவிடும். காத்திருந்து படிக்கும் 'டைம் ரிசால்வ்டு' ரீடருக்குத்தான் இந்தப் பலன். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது கிடையாது, கேட்டு வாங்குங்கள். அதோடு, கடலைக்கான கர்வ் சிப்பை (ஒளிர்வை நச்சு அளவாக மாற்றும் கணக்கு அடங்கிய சிப்) வைத்து வத்தலைப் படிக்கவே கூடாது. ஸ்ட்ரிப்பின் லாட் எண்ணும் சிப்பும் பொருந்தாவிட்டால் வரும் எண் வெறும் எண்.

கடலையில் வேறு தொல்லை. பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கலங்கலோடு விட்டால் ஸ்ட்ரிப்பில் நீர் ஏறாமல் நடுவில் திட்டாக நிற்கும். சி கோடும் (ஸ்ட்ரிப் சரியாக ஓடியதா என்று காட்டும் கன்ட்ரோல் கோடு) ஒரு பக்கம் மட்டும் ஒளிரும். அந்த ரீடிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வடிகட்டுவதே வழி.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக் குடோனில் ஸ்ட்ரிப் பெட்டியை வைத்தால் ஆன்டிபாடி பாழ். ஐப்பசி ஈரத்தில் உறையைக் கிழித்து அரை நாள் கழித்துப் பயன்படுத்தினாலும் அதே கதி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால், உறையைப் பிரிக்காமலேயே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், குத்தூசியில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். நச்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் பூசணம் பிடித்த ஒன்றிரண்டில் குவிந்திருக்கும். ஒரு பிபிபி என்பது ஆயிரம் டன்னில் ஒரு கிராம். மேல் மூட்டையில் ஒரு குத்து குத்தி 5 கிராம் எடுத்தால் கிடைப்பது சீட்டுக் குலுக்கல். பல மூட்டையில், மேல், நடு, அடி என்று குத்தி, கிலோ கணக்கில் சேர்த்து, முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்துதான் 5 கிராம். நிறம் வெளுத்த சண்டு வத்தலைத் தனியாகப் பொறுக்கிச் சோதித்துப் பார்ப்பதும் நல்லது.

மசாலாப் பொருட்களுக்கு இந்திய வரம்பு மொத்த அஃப்ளாடாக்சின் 30 பிபிபி. ஐரோப்பாவுக்கு வத்தல் போனால் மொத்தம் 10, அதில் பி1 என்ற வகை மட்டும் 5. ரீடர் 8 என்று காட்டியதை நம்பி தூத்துக்குடிக்கு லோடு ஏற்ற வேண்டாம். அங்கே பேசுவது எச்பிஎல்சி என்ற ஆய்வகச் சோதனை ரிப்போர்ட். அந்த 8-க்கு அடுத்த தசமப் புள்ளியெல்லாம் அலங்காரம்.

புற ஊதா டார்ச்சை 'அஃப்ளாடாக்சின் டிடெக்டர்' என்று விற்பவர்களும் உண்டு. நீலமாக (ப்ளூ) ஒளிர்வதால்தான் பி என்று பெயர் வந்தது, உண்மை. ஆனால் பிபிபி அளவில் வத்தல் தூளுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

டெமோ காட்ட வருபவரிடம் அவர் கொண்டுவரும் சாம்பிளை வாங்காதீர்கள். உங்கள் குடோனில் பூசணம் பிடித்த வத்தலை அரைத்துக் கொடுங்கள். ஒரே சாற்றை ஐந்து ஸ்ட்ரிப்பில் விடச் சொல்லுங்கள். எண்கள் அருகருகே நிற்க வேண்டும். அடுத்து அதே சாற்றில் அதே அளவு 70 சத மெத்தனால் சேர்த்துப் பாதியாக்குங்கள். ரீடரும் பாதி காட்ட வேண்டும். 24 காட்டியது 12-க்குப் பதில் 19-லேயே நின்றால், அந்த கர்வ் உங்கள் வத்தலுக்குப் போட்டதல்ல.