512 ஜிபி என்று காட்டினால் அது 512 ஜிபி ஸ்டீம் டெக் ஆகிவிடாது

பழைய ஸ்டீம் டெக், அதாவது கையில் பிடித்துக் கணினி விளையாட்டு ஆடும் கருவி, வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள், காசை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு அடுத்த மாடியில் திறக்க அவர்களுக்கு ஒரு வாரம் போதும். அவர்கள் செய்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன்.

எனக்கு சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை தினமும் எம்ஆர்டி ரயில் பயணம். போக வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் கணினி விளையாட்டுகளை ரயிலிலேயே விளையாடலாமே என்று தோன்றியது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் கணக்கில் அறுபதுக்கு மேல் சும்மா கிடக்கின்றன. தள்ளுபடியில் வாங்கி ஒருமுறைகூடத் திறக்காதவை அதில் பாதி. இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வந்தபோது சேமிப்பிடத்தைப் பொறுத்து 64, 256, 512 ஜிபி என்று மூன்று வகை. 2023 நவம்பரில் ஓஎல்இடி திரையோடு புதியது வந்ததும் பழைய 64, 512 இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். நான் வாங்கிய நேரத்தில் இதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் சிங்கப்பூரில் நேரடியாக விற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்பவர்களிடம் வாங்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வைத்திருந்ததை வாங்க வேண்டும். உத்தரவாதம் என்பது கடைக்காரர் வாயால் சொல்வதுதான்.

நகரில் ஒரு கடைத்தொகுதியின் மூன்றாவது மாடி. கடையில் இருந்தவர் நம் ஆள். "வாங்கண்ணே, சாப்டாச்சா?" என்று ஆரம்பித்தார். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். முதல் நாளே வாட்ஸ்அப்பில் அவரிடம் ஒன்று கேட்டிருந்தேன்: திரைக் கண்ணாடி ஆன்டி-கிளேர்தானே, வெளிச்சம் பட்டால் எதிரொளிக்காதே? "ஆமாண்ணே, ஒரிஜினல் 512, ஆன்டி-கிளேர். ஒரே ஆள் மூணு மாசம் வெச்சிருந்தது" என்று பதில் வந்தது. கடையில் கருவியைப் போட்டுக் காட்டினார். செட்டிங்ஸில் சேமிப்பிடம் 512 என்று தெளிவாக இருந்தது. பொத்தான்கள், ஜாய்ஸ்டிக் குச்சிகள், ஒலி எல்லாம் சரி. திரைக்குப் பாதுகாப்பாக மேலே டெம்பர்டு கிளாஸ் வேறு ஒட்டியிருந்தது. "இது நம்ம கடை அன்பளிப்புண்ணே." 640 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) பேநவ் செயலி வழியாக அனுப்பிவிட்டு, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

அந்த அன்பளிப்பில்தான் விஷயமே இருக்கிறது.

காலையில் காத்திப் தாண்டினால் இயோ சூ காங் வரும்வரை நீண்ட தூரம் ரயில் வெட்டவெளியில் ஓடும். இடப்பக்கம் கிழக்கு வெயில். திரையில் கார் ஓட்டுகிறேன், ஆனால் தெரிவது என் மூக்குக்கண்ணாடிதான். டெம்பர்டு கிளாஸ்தான் காரணம் என்று இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டேன். பிறகு அதன் மூலை ஒன்று உடைந்தது, உரித்தேன். அப்போதும் முகம் தெரிந்தது.

அலுவலகத்தில் ஒரு தம்பியிடம் 512 இருக்கிறது, புதிதாகவே வாங்கியது. மதியம் கோப்பிக்கடையில் இரண்டையும் அணைத்துவிட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேலே நீளமான டியூப்லைட். அவனுடைய திரையில் அந்த விளக்கு ஈரத்துணியால் துடைத்த சுண்ணாம்புக் கோடு மாதிரி கலங்கிப் பரவியிருந்தது. என்னுடையதில் விளக்கு விளக்காகவே கிடந்தது, பக்கத்தில் சுற்றும் மின்விசிறியின் இறக்கையைக்கூட எண்ணலாம். "அண்ணே, இது 64 மாடல்ணே" என்றான் அவன். தே தாரிக் ஆறிப்போகும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை இதுதான். ஓஎல்இடிக்கு முந்தைய எல்சிடி திரை வகைகளில் 512-க்கு மட்டும்தான் பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றபடி மூன்றுக்கும் உள்ளே ஒரே சிப், ஒரே 16 ஜிபி நினைவகம். சேமிப்பு வட்டு மூன்றிலும் எம்.2 2230 என்ற குட்டி அளவுதான், கழற்றி மாட்டக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. பின்பக்கம் எட்டுத் திருகு. 64 ஜிபி கருவியை மலிவாக வாங்கி, உள்ளே இருக்கும் மெதுவான இஎம்எம்சி சேமிப்புப் பலகையைக் கழற்றிவிட்டு ஊர் பேர் தெரியாத 512 எஸ்எஸ்டி வட்டை மாட்ட, கை பழகியவருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதன் பிறகு செட்டிங்ஸ் 512 என்று உண்மையைத்தான் சொல்லும். திரை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும், அதை மறைக்க இலவசக் கண்ணாடி.

வட்டு மாற்றுவது தப்பில்லை. "64-ஐ வாங்கி டிஸ்க் மாத்தினதுண்ணே, 450 கொடுங்க" என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன்.

அன்று இரவு, கருவியைச் சாதாரணக் கணினி போலக் காட்டும் டெஸ்க்டாப் மோடுக்குப் போய் மற்றதையும் தோண்டினேன். புதிதாக இருக்கும்போது இதன் பேட்டரி 40 வாட்-மணி பிடிக்கும். என்னுடையது 31-தான் பிடித்தது. கனமான விளையாட்டு ஓடும்போது கருவி மொத்தமாக 25 வாட் வரை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டியது ஒன்றேகால் மணியில் படுத்துவிடும். மூன்று மாதத்தில் ஒரு பேட்டரி இவ்வளவு தேயாது. அதைவிட வேடிக்கை வட்டு. அது பிறந்ததிலிருந்து ஓடிய நேரம் 34 மணி என்றது. அதில் முப்பது நான் விளையாடியதே இருக்கும். கிழட்டு பேட்டரி, பச்சைக் குழந்தை வட்டு, இரண்டும் ஒரே உடம்பில். கருவியைத் திருப்பித் திருகுகளைப் பார்த்தால் மூன்றின் தலை மழுங்கியிருந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். இந்த முறை சாப்பாட்டு விசாரிப்பு இல்லை.

"512 கேட்டீங்க, 512 கொடுத்தேன். காட்டுதா இல்லையா?"

"மாடல் 64-ண்ணு சொல்லவே இல்லையே?"

"ரசீது பாருங்கண்ணே, நோ ரீஃபண்ட்."

ரசீதில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. கொஞ்சம் சத்தம் போட்டதும் 80 வெள்ளிக்குக் கடையிலேயே ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவர் கடையில் இனி ஒரு கேபிள்கூட வாங்க எனக்கு மனமில்லை.

நோ ரீஃபண்ட் என்று அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்து நம்மில் பலர் திரும்பிவிடுகிறோம். இங்கே 2012 செப்டம்பர் 1 முதல் குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான லெமன் சட்டம் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது பொருந்தும். சொன்னபடி இல்லாத பொருளுக்கு முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்; இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று விற்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பயனீட்டாளர் சங்கத்தின் உதவியைக் கேட்கலாம். நான் நேராக சிறு தொகை வழக்குகளைத் தீர்க்கும் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனலில் இணையம் வழியாகப் பதிந்தேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுத்துக்கொள்வார்கள், வாங்கி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். 5,000 வெள்ளிக்குள் கேட்கும் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. அப்போது 64 ஜிபி கருவிகள் 400 வெள்ளிக்குப் போய்க்கொண்டிருந்ததால், 240 வெள்ளி கேட்டேன். பேட்டரியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பழைய பொருளின் பேட்டரி தேய்ந்திருக்கிறது என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தம்பி சொன்னான். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி வாட்ஸ்அப் செய்திதான். ரசீதில் வெறும் 'டெக் 512 யூஸ்ட்' என்றுதான் இருந்தது. ஆன்டி-கிளேர் என்ற சொல் அவர் கையால் அடித்தது. முதல் சந்திப்புக்கு முன்பே 200 வெள்ளி தருகிறேன் என்று இறங்கி வந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், என்ன வகை, என்ன கண்ணாடி என்பதைக் கடைக்காரர் எழுத்திலேயே சொல்லும்படி கேட்டு வாங்குங்கள். கடையில் திரையை அணைக்கச் சொல்லி, மேலே ஒட்டியதை உரிக்கச் சொல்லி, கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். உரிக்க மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். டெஸ்க்டாப் மோடில் பேட்டரியின் தற்போதைய அளவையும் வட்டு ஓடிய நேரத்தையும் அங்கேயே நின்று பாருங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். கடைக்காரர் முகம் மாறினால் மாறட்டும்.

இன்னொன்று, இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் உள்ளே வேறு என்ன செய்து வைத்திருக்கிறார்களோ என்று நானே பின்மூடியைத் திறந்தேன். மைக்ரோ எஸ்டி கார்டை முதலில் கழற்ற வேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கிறது. கழற்றவில்லை. மூடி எழும்பும்போது 'டிக்' என்றது. 256 ஜிபி கார்டு இரண்டு துண்டு.

பேட்டரியை இன்னும் மாற்றவில்லை. உள்ளே பசை போட்டு அழுத்தமாக ஒட்டியிருக்கிறார்கள், கார்டை உடைத்த கையை அதில் வைக்கத் துணிவில்லை. இப்போதைக்குப் பையில் ஒரு பவர் பேங்க். டெக்குக்கு 45 வாட் வேண்டும். கடைப்பெண் "எல்லாத்துக்கும் வேலை செய்யும் அங்கிள்" என்றபோது, பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தில் 45 என்று இருப்பதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.