ஸ்டெம் மாற்றி ஓட்டிய அனுபவம்: ஹேண்டில்பார் நிஜமாக எவ்வளவு உயரும்?

ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃபோர்க் குழாயோடு (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின் மேல்குழாய்) இணைக்கும் துண்டு. என்னிடம் இரண்டு சைக்கிள்கள். ஒன்று க்வில் ஸ்டெம் (குழாய்க்குள் செருகும் வகை) போட்ட பழைய ஸ்டீல் ஃபிரேம். மற்றது த்ரெட்லெஸ் ஸ்டெம் (குழாயை வெளியிலிருந்து கவ்வும் வகை) உள்ள ரோடு பைக். கழுத்துவலிக்காரன் என்பதால் இரண்டிலுமே ஹேண்டில்பாரை ஏற்றிப் பார்ப்பதே சில வருடங்களாக வேலை.

க்வில்லில் இது சுலபம். மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விட்டுவிடும். வேண்டிய உயரத்துக்கு இழுத்து முறுக்கிக்கொள்ளலாம். தண்டில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது. அவ்வப்போது கழற்றி கிரீஸ் பூசுங்கள். இல்லாவிட்டால் அலுமினியத் தண்டு ஸ்டீல் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். கடலோர ஊர்களில் சீக்கிரமே.

த்ரெட்லெஸ்ஸில் கோணம்தான் விஷயம், அதாவது ஃபோர்க் குழாய்க்குச் செங்கோணமாக நிற்காமல் ஸ்டெம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. என் பைக்கோடு வந்தது 100 மி.மீ., 6 டிகிரி ஸ்டெம், கீழ்நோக்கிப் பொருத்தியது. அதையே கழற்றித் தலைகீழாகப் போட்டேன். பைசா செலவில்லாமல் சுமார் 20 மி.மீ. உயர்ந்தது. கழுத்துக்கு அது போதவில்லை.

அப்புறம் கோணம் மாற்றக்கூடிய ஸ்டெம் வாங்கினேன். கனம் அதிகம், மோசமான சாலையில் கிறீச்சிடும், போல்ட்டும் தளரும். நிரந்தரமாக ஓட்ட அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் நமக்கு எந்தக் கோணம் சரி என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. எனக்கு 17 டிகிரி ஒத்துவந்தது.

இங்கேதான் பலரும் கவனிக்காத சங்கதி. ஹெட் டியூப் (ஃபோர்க் குழாய் நுழையும் ஃபிரேமின் முன்குழாய்) சுமார் 72 டிகிரி சாய்வில் நிற்பதால், ஸ்டெம்மைச் செங்குத்தாக ஏற்ற ஏற்ற ஹேண்டில்பார் நம் பக்கமும் நெருங்கி வரும். 100 மி.மீ. ஸ்டெம்மை 6 டிகிரியிலிருந்து 17-க்கு ஏற்றினால் சுமார் 17 மி.மீ. உயரம் கிடைக்கும், ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் 9 மி.மீ. குறைந்துவிடும். எனக்கு முதுகு குறுகிப்போன மாதிரி இருந்தது. அதனால் 110 மி.மீ., 17 டிகிரி ஸ்டெம்மாக வாங்கிப் போட்டேன். எட்டிப் பிடிக்கும் தூரம் கிட்டத்தட்ட பழையபடியே, உயரம் மட்டும் 22 மி.மீ. கூடுதல். ஸ்பேசரிலும் (ஸ்டெம்முக்கு அடியில் அடுக்கும் வளையங்கள்) இதே கதை, கொஞ்சமாக: 10 மி.மீ. அடுக்கினால் 3 மி.மீ. பின்னால் வரும்.

கழுத்துவலி நன்றாகவே குறைந்துவிட்டது. பதிலுக்கு சீட்டில் பாரம் கூடியது, ஈசிஆர் (சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை) எதிர்காற்றில் முன்பைவிட மூச்சு வாங்குகிறது. பரவாயில்லை. பிரேக், கியர் ஒயர்கள் மட்டும் எட்டாமல் போயின. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது இழுத்தன. நீளமாக மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டெம் வாங்கும்போதே இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

பொருத்தும்போது மேல்மூடி போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள். அது பேரிங்கின் ஆட்டத்தை எடுக்க மட்டுமே. ஸ்டெம்மைப் பிடித்து நிற்பது பக்கவாட்டு போல்ட்டுகள். கடையில் ஃபோர்க் குழாயை உடனே வெட்டித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். மிச்ச ஸ்பேசர்களை ஸ்டெம்முக்கு மேலே அடுக்கிச் சில மாதம் ஓட்டுங்கள். என்னுடையதை நான் இன்னும் வெட்டவில்லை.