ஆர்கிரீவ் மோதல்: ஒரு மறியலைப் போராக நடித்துக் காட்டிய படைப்பு

1984 ஜூன் 18 அன்று, இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் ஆர்கிரீவ் கற்கரி (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் எரிபொருள்) ஆலையை மறித்து நின்ற, வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மீது குதிரைப் போலீசார் பாய்ந்தனர். அந்த நாளைக் கலைஞர் ஜெரமி டெல்லர் 2001 ஜூனில் அதே ஊரில் மீண்டும் நடத்திக் காட்டினார். ஆர்ட்ஏஞ்சல் என்ற கலை அமைப்பின் ஆதரவில் நடந்த இந்நிகழ்வைத் திரைப்பட இயக்குநர் மைக் ஃபிகிஸ் ஒரு மணி நேரப் படமாக்க, 2002இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது.

இந்தப் படைப்பின் வலிமை, நடிப்பவர்களைத் தேர்ந்த விதத்தில் இருக்கிறது. பங்கேற்ற சுமார் ஆயிரம் பேரில் பெரும்பாலோர், பழங்காலப் போர்களை உடையணிந்து நடித்துக் காட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட சங்கத்தினர். மற்றவர்களுள் பலர், 1984இல் அங்கே உண்மையிலேயே அடிபட்ட அல்லது ஓடித் தப்பிய தொழிலாளர்கள். மன்னர்களின் போர்களை நடிக்கும் அதே ஆட்களைக் கொண்டு ஒரு வேலைநிறுத்தத்தை நடத்தியதன் மூலம், அதுவும் நாட்டின் உள்நாட்டுப் போர்களில் ஒன்றுதான் என்று டெல்லர் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்.

இது வீண் வேடிக்கை அன்று. அன்றைய பிபிசி செய்தியில், தொழிலாளர்கள் முதலில் கல்லெறிந்ததாகவும் அதன் பிறகே போலீசார் பாய்ந்ததாகவும் தோன்றும்படி காட்சிகளின் வரிசை மாறியிருந்தது; பின்னாளில் அந்நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. 95 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 1985இல் விசாரணை நொறுங்கிப்போனது. காட்சியின் வரிசையே பொய் சொன்ன ஒரு நிகழ்வுக்கு, மீண்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பதைவிடப் பொருத்தமான பதில் எதுவாக இருக்க முடியும்?

மோதல் காட்சிகளைவிட, இடையிடையே வரும் சாட்சியங்களே என்னை அதிகம் பிடித்து நிறுத்தின. சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டுப் பின்னர் போலீசில் சேர்ந்து, அன்று எதிர்ப்பக்கம் நின்ற ஒருவரின் பேச்சு இரு தரப்புக்கும் நடுவே கிழிபட்டு வெளிவருகிறது. அவருக்கு இன்னும் நேரம் தந்திருக்கலாம். தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதால், படம் சில இடங்களில் வழக்கமான ஆவணப்படத்தின் தொனிக்குச் சரிந்து, பார்வையாளர் தாமே உணரக்கூடியதையும் எடுத்துச் சொல்கிறது. 1984இன் புகைப்படங்கள் திரையில் வரும் கணங்களில் அந்தக் குறை மறைகிறது.

பிரிட்டனின் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில், கலவரத் தடுப்புக் கேடயமும் பேட்ஜ் குத்திய மேலாடையும் கொண்ட இப்படைப்பின் ஆவணத் தொகுப்பும் உண்டு. வேலைநிறுத்தத்தின் பின்னணி அறியாதவர்கள் அந்தத் தொகுப்பின் காலவரிசையைப் படித்துவிட்டுப் படத்துக்கு வருவது நல்லது.